பின்பக்கத்துக்கு ஒரு முன்வாசல்

கேமரன் மலை எஸ்டேட்டில் குடியிருப்பவன் எவனும் தன் வீட்டுப் பின்பக்கத்தைப் பற்றிப் பெருமையடிக்க மாட்டான். எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், பின்பக்கம் என்றால் துணிக்கொடி, கோழிக்கூடு, சாக்கடை, யாரோ எப்போதோ ஓட்டிய மோட்டார் சைக்கிளின் எலும்புக்கூடு. அதைத் தாண்டினால் தேயிலை. விருந்தாளி வந்தால் முன்னறையில் உட்கார வைத்துவிட்டுப் பின்கதவை இழுத்துச் சாத்திவிடுவோம். அந்த இடத்தில்தான் நான் பார்பிக்யூ போடுவதற்கென்று ஒரு இடம் கட்டினேன். இன்றைக்கு எங்கள் லயத்திலேயே லட்சணமான இடம் அதுதான். நான் சொல்லவில்லை, என் மனைவி சொல்கிறாள். என்னைப் பாராட்டுவது அவளுக்குப் பழக்கமே இல்லாத காரியம்.

கட்டியது எனக்காக இல்லை, என் அக்காவுக்காக. அவளை ஒரு நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். நான் கோழி சுட வேண்டும். சுட்டதைத் தட்டில் வைத்து அவள் கையில் கொடுக்க வேண்டும். அவள் எழுந்திருக்காமல் சாப்பிட வேண்டும். இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்கு என் அக்காவைத் தெரியாது.

அக்கா எங்கள் எஸ்டேட் மானேஜர் பங்களாவில் சமையல்காரியாக இருந்தவள். மானேஜர்கள் எல்லாரும் இப்போது உள்ளூர்க்காரர்கள்தான், ஆனாலும் நாங்கள் இன்னும் துரை என்றுதான் சொல்லுவோம். வாய்க்கு அதுதான் வருகிறது. சின்ன வயதில் அந்த அடுப்படிக்குள் போனவள், முட்டி இரண்டும் ஒத்துழைக்க மறுத்த பிறகுதான் வெளியே வந்தாள். கோலாலம்பூரிலிருந்து விருந்தாளிகள் வந்தால் பங்களாப் புல்வெளியில் பார்பிக்யூ நடக்கும். சுடுவது அக்காவின் வேலை.

நான் எஸ்டேட் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். அப்படி ஒரு விருந்து நாளில் பங்களா ஜெனரேட்டர் நின்றுவிட்டது என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஸ்பானரும் கையுமாகப் பின்பக்கம் போனபோது அக்காவைப் பார்த்தேன். விருந்தாளிகள் எல்லாரும் பள்ளத்தாக்கைப் பார்த்து வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் புகைக்குள் அக்கா இடுக்கியோடு நின்றுகொண்டிருந்தாள். ஒரு ஆள் திரும்பாமலேயே காலித் தட்டைத் தலைக்குப் பின்னால் நீட்டினார். அக்கா அதில் இறைச்சியை வைத்தாள். தட்டு முன்பக்கம் போனது. யாருடைய கை வைத்தது என்று பார்க்க அந்த ஆளுக்குத் தோன்றவில்லை. கெட்ட மனிதர்கள் என்று சொல்லமாட்டேன். போகும்போது அக்காவுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் போனார்களாம். ஆனாலும் எனக்கு அன்று வந்த கோபத்தில் நல்ல போல்ட் ஒன்றை மரை கழன்று போகும்வரை திருகினேன்.

வேலை முடிந்ததும், "நீ சாப்ட்டியாக்கா?" என்று கேட்டேன்.

"கடைசில சாப்ட்டேன்லா. நின்னுக்கிட்டே சாப்பிட்டா வேல முடிஞ்சிரும். உக்காந்தா அப்புறம் எந்திரிக்கிறது யாரு?" என்றாள் அக்கா.

வேலையை விட்ட பிறகு ரிங்லெட்டில் மகனோடு இருக்கிறாள். எங்கள் வீட்டுக்கு வருவாள். வந்து செருப்பைக் கழற்றிய கையோடு நேராகச் சமையலறைக்குப் போய்விடுவாள். என் மனைவி கரண்டியைப் பிடுங்குவாள், அக்கா திரும்பப் பிடுங்குவாள். கடைசியில் எங்களுக்கெல்லாம் பரிமாறிவிட்டு, அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றபடி சாப்பிடுவாள். "உக்காருக்கா" என்று நான் கத்துவேன். "நீ மொதல்ல சாப்புடு" என்பாள். இப்படியே எத்தனை தீபாவளி போயிற்றோ.

யோசித்துப் பார்த்தேன். அக்கா கையில் கரண்டி போகாமல் இருக்க வேண்டுமானால் அடுப்பைச் சமையலறையை விட்டே வெளியே கொண்டுபோய்விட வேண்டும். பார்பிக்யூ எண்ணம் அப்படித்தான் வந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

பின்பக்கத்தைச் சுத்தம் செய்ததே ஒரு யுத்தம். கோழிக்கூட்டை நகர்த்தினேன். லோங்காங் என்று நாங்கள் சொல்லும் சாக்கடைக்குப் பலகை போட்டு மூடினேன். மண்ணைச் சமப்படுத்திச் சிமெண்டுத் தரை போட்டேன். மலையில் மத்தியானத்துக்குமேல் எப்போது மழை கொட்டும் என்று சொல்ல முடியாது, அதனால் தரையில் பாதிக்குத் தகரக் கூரை. எண்ணெய் டிரம் ஒன்றை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஃபேக்டரியில் கழித்துப் போட்ட பைப்பைக் கேட்டு வாங்கிக் கால் வைத்தேன். கம்பி வலையை நானே வெல்டிங் செய்தேன். முதல் நாள் சும்மா தீ மூட்டிப் பார்த்ததில் புகை முழுக்கப் பக்கத்து வீட்டுத் துணிக்கொடிக்குப் போயிற்று. பக்கத்து வீட்டம்மா சட்டை ஒன்றைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே பிடித்து, "மோந்து பாருங்க" என்றார். காற்று சாயங்காலம் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்த்து, அடுப்பை மறுகோடிக்கு மாற்றினேன்.

நாற்காலிகளைத்தான் ரொம்ப ரசித்துப் போட்டேன். பிரிஞ்சாங் ஹோட்டல் ஒன்றில் பார்த்த மாதிரி, எல்லாம் தேயிலைச் சரிவைப் பார்த்து ஒரே வரிசையில். மேலே சின்னச் சின்ன விளக்குச் சரம். அடுப்பு பின்னால். வெளியூர்க்காரர்கள் காசு கொடுத்துப் பார்க்கிற காட்சி எங்கள் பின்பக்கத்தில் சும்மா கிடக்கிறது, விடலாமா?

என் மனைவி கொழுந்தெடுக்கிறவள். கூடையை இறக்கி வைத்துவிட்டு அந்த வரிசையைப் பார்த்தாள். "காலைலேருந்து இதுக்குள்ளதான் நிக்கிறேன். சாயங்காலமும் இதையே பாத்துக்கிட்டு உக்காரணுமா?" என்றாள். உனக்கு ரசனை கிடையாது என்று சொல்லி வாயை அடைத்துவிட்டேன்.

எல்லாம் தயாரானதும் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன். சமையலறைக்குள் அவள் காலை வைத்துவிட்டால் என் திட்டம் மொத்தமும் பாழ். ஆகவே மிகவும் சாமர்த்தியமாகப் பேசினேன். "அக்கா, ஞாயித்துக்கெழம சாயங்காலம் வந்துரு. வீட்டுக்குள்ள வராத. லோங்காங் ஓரமா ஒரு பாத இருக்குல்ல, அப்படியே பின்பக்கமா வா. சாப்பாடெல்லாம் அங்கதான்."

ஞாயிற்றுக்கிழமை கரி சிவந்து நின்றது. கோழி மஞ்சளும் மிளகாயும் செராய் என்கிற எலுமிச்சைப் புல்லும் பூசிக்கொண்டு காத்திருந்தது. கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் கொடுத்த சோளம் ஒரு கூடை. அக்கா மட்டும் வரவில்லை. கடைசியில் அவள் மகன் போன் செய்தான். "அம்மா வரலையாம் மாமா. முட்டி வலியாம்."

"நேத்து நல்லாத்தானடா இருந்தா?"

"நல்லாத்தான் இருந்தாங்க. ராத்திரி பிரிஞ்சாங் பாசார் மாலாம்ல கட கடையா சுத்துனாங்க. எனக்குத்தான் கால் வலி." குரலைத் தாழ்த்தி, "நீங்க அனுப்புனத கேட்டதுலேருந்து ஒரு மாதிரி இருக்காங்க மாமா" என்றான்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. யாருக்காக இந்தக் கூத்தெல்லாம்? முதுகு ஒடிய மண் வெட்டியது யாருக்காக? கோழியை நான் ஒருவனாகவே தின்று தீர்க்கப் போவதாக அறிவித்தேன். என் மனைவி கரிக்கு வீசிக்கொண்டிருந்த விசிறியை நிறுத்திவிட்டு, "என்ன சொல்லிக் கூப்புட்டீங்க?" என்று கேட்டாள். போனை எடுத்துப் போட்டுக் காட்டினேன். பெருமையாகத்தான் போட்டேன். கேட்டு முடித்ததும் அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"வீட்டுக்குள்ள வராதன்னு சொல்றீங்க. லோங்காங் ஓரமா பின்பக்கமா வான்னு சொல்றீங்க. இத கேட்டா நானே வரமாட்டேன். உங்க அக்கா பங்களாவுக்கு எந்த வழியா போயிட்டு வந்தாங்க?"

பங்களாவுக்கு முன்னால் சிவப்புச் சிமெண்டுப் படிகள் உண்டு. சனிக்கிழமைதோறும் அக்கா முட்டி போட்டு உட்கார்ந்து அவற்றுக்கு மெழுகு தேய்ப்பாள். தேய்த்த படியில் ஏறி உள்ளே போனதில்லை. குப்பைத் தொட்டியைச் சுற்றி, சாக்கடை ஓரமாக நடந்து, பின்கதவால்தான் போவாள். அத்தனை வருஷமும் அப்படித்தான். இப்போது கூடப் பிறந்த தம்பி தன் வீட்டுக்கும் அதே வழியைக் காட்டுகிறான். அதுவும் விருந்துக்கு. என் வாயை நானே தைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மன்னிப்புக் கேட்கலாம்தான். "அடச்சீ, அதெல்லாம் ஒண்ணுமில்லடா" என்று சிரிப்பாள். அப்புறமும் முட்டி வலிக்கும். அக்காவை எனக்குத் தெரியும். பேசிக் கெடுத்ததைப் பேசிச் சரிசெய்ய முடியாது, கட்டித்தான் சரிசெய்ய வேண்டும் என்று முடிவு செய்தேன். எனக்குத் தெரிந்த வேலையும் அது ஒன்றுதான்.

எங்கள் வீடு வரிசையின் கடைசி வீடு. ரோடு முன்பக்கத்தில் உயரமாக இருக்கிறது, பின்பக்கம் தாழ்வு. நடுவில் பக்கவாட்டில் புல் மண்டிய ஒரு சரிவு. அந்தச் சரிவில் ரோட்டிலிருந்து நேராகப் படி இறக்கி, மேலே ஒரு வாசல் வைத்துவிட்டால், பின்பக்கத்துக்கு வர வீட்டுக்குள்ளும் நுழைய வேண்டாம், சாக்கடையையும் மிதிக்க வேண்டாம். வேலியை எடுக்க ஆபீஸில் அனுமதி வேண்டும். எஸ்டேட் கணக்கு எழுதும் கிராணியிடம் போய் நின்றேன்.

"பின்பக்கத்துக்கு முன்வாசலா? தல கில சுத்துதா ஒனக்கு?" என்றார் கிராணி.

"ஆமாங்கய்யா, சுத்துது. அக்கா வந்தாத்தான் நிக்கும்" என்றேன். கதையைக் கேட்டுவிட்டு, "சரி, வேலிய ஒழுங்கா திருப்பிக் கட்டிரு" என்றார். அவரும் அக்கா கையால் சாப்பிட்டவர்தான்.

சரிவைப் படிபடியாக வெட்டிச் சிமெண்டு போட்டேன். போட்ட அன்றே மழை வந்து கீழ்ப்படியைக் கரைத்துக்கொண்டு போயிற்று. மழையைத் திட்டினேன். எங்கள் மலையில் மழையைத் திட்டுகிறவனை விவரம் தெரியாதவன் என்பார்கள். திட்டிவிட்டு, கான்வாஸ் கட்டி மறுபடியும் போட்டேன். பைப்பை வளைத்து வாசலுக்கு வளைவு செய்தேன். இரண்டு பக்கமும் விளக்கு. கடைசியில் படிகளுக்குச் சிவப்புப் பெயிண்ட். பங்களாப் படியைவிட ஒரு சுற்று அகலமாகவும் அதைவிடச் சிவப்பாகவும் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாகச் செய்தேன்.

"பனி இறங்குற நேரத்துல பெயிண்ட் காயாதுங்க" என்றாள் என் மனைவி. காயும் என்றேன்.

அக்காவுக்கு மறுபடியும் பேசி அனுப்பினேன். இந்த முறை மனைவி பக்கத்தில் நின்று ஒவ்வொரு வார்த்தையாகக் காவல் காத்தாள். "அக்கா, ஒனக்காக ஒரு முன்வாசல் கட்டியிருக்கேன். வந்து தொறந்து வையி."

பதிலாக அக்கா ஒரே வரிதான் பேசி அனுப்பினாள். "முன்வாசல் கட்டியிருக்கானாம், முன்வாசல். வந்து பாக்குறேன், என்ன லட்சணத்துல இருக்குன்னு."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகனுடைய கார் ரோட்டில் வந்து நின்றது. அக்கா இறங்கினாள். பட்டுச் சேலை. பார்பிக்யூவுக்குப் பட்டுச் சேலை கட்டி வந்த ஒரே ஆள் இந்தப் பஹாங்கிலேயே என் அக்காவாகத்தான் இருப்பாள். கரிப் பக்கம் போகமாட்டேன் என்று அவள் அந்தச் சேலையிலேயே சொல்லிவிட்டாள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வளைவில் மாவிலைத் தோரணம் தொங்கியது. இந்தக் குளிரில் மாமரம் ஏது, அக்கா மகனான என் மருமகன்தான் மலையடிவாரத் தாப்பாவில் இறங்கிப் பறித்துக் கொண்டுவந்து முதல் நாளே கொடுத்திருந்தான். என் மனைவி ஆரத்தித் தட்டோடு வந்து, "நில்லுங்க அண்ணி" என்றாள்.

"என்னடி இது, நான் என்ன புதுப் பொண்ணா?" என்றாள் அக்கா. ஆனால் நின்றாள். தலையை லேசாகத் தாழ்த்தி, ஆரத்தி சுற்றி முடியும்வரை ஆடாமல் நின்றாள். பிறகு படிகளைப் பார்த்தாள். சிவப்பு. கொஞ்ச நேரம் பார்த்தாள். குனிந்து செருப்பைக் கழற்றப் போனாள்.

"செருப்போட வா" என்றேன்.

"புதுப் படிடா."

"ஒன் படி. செருப்போட வா."

வந்தாள். ஒவ்வொரு படியாக, முட்டியைப் பிடித்துக்கொண்டு, செருப்புக் காலோடு இறங்கினாள். பெயிண்ட் காயவில்லை. நான் சாம்பல் நிறத்தில் தேய்த்துத் தேய்த்து மெழுகியிருந்த சிமெண்டுத் தரை முழுக்க அக்காவின் செருப்பு அடி சிவப்புச் சிவப்பாகப் பதிந்தது. என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத முடியாது. அக்கா திரும்பிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். அந்த அடிகளை நான் இன்றுவரை துடைக்கவில்லை, துடைக்க விடவும் இல்லை.

நடு நாற்காலியைக் காட்டினேன். அக்கா உட்கார்ந்தாள். எதிரே தேயிலைச் சரிவு, அதன்மேல் மூடுபனி மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்பண்டை ஓடிப்போய்க் கோழியைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் நாற்காலிக் கால் சிமெண்டில் உரசுகிற சத்தம். எழுந்துவிட்டாள், கரண்டிக்கு வருகிறாள், எல்லாம் போயிற்று என்று திரும்பினேன். அக்கா எழுந்துதான் இருந்தாள். ஆனால் என் பக்கம் வரவில்லை. நாற்காலியைத் தூக்கிச் சுற்றிப் போட்டு, தேயிலைக்கு முதுகைக் காட்டி, அடுப்பைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"ஏங்க்கா? அந்தப் பக்கம் நல்லாருக்குல்ல?"

"சுடுறவன் மூஞ்சியப் பாக்காம எப்புட்றா சாப்புடுறது?" என்றாள்.

புகை கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். புகை அந்தப் பக்கமே வரவில்லை. நான் காற்றுப் பார்த்துப் போட்ட அடுப்பு அது. எத்தனை பேருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு என் அக்கா நின்றிருக்கிறாள் என்பது அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. அதே வரிசையை நானும் காப்பியடித்து, அதைக் காட்சி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவியும் மருமகனும் அவரவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டார்கள். எல்லாரும் என்னைப் பார்த்து உட்கார்ந்தார்கள். மேடையில் ஏற்றிவிட்ட மாதிரி இருந்தது. இடுக்கியை ஒரு சுழற்றுச் சுழற்றினேன், அது கைநழுவிச் சோளக் கூடையில் விழுந்தது.

முதல் துண்டு அக்காவுக்கு. தட்டில் வைத்து, நடந்து போய், இரண்டு கையாலும் கொடுத்தேன். வாயில் போட்டு மென்றாள். நான் அங்கேயே நின்றேன்.

"உப்பு கம்மி" என்றாள் அக்கா. அப்புறம் தட்டை நீட்டி, "இன்னொண்ணு கொண்டா. கால் பீஸா பாத்துக் கொண்டா" என்றாள்.

அவள் ஒன்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. ஓடினேன். கால் கேட்டாள், சோளம் கேட்டாள், சோளத்துக்கு எலுமிச்சம்பழம் கேட்டாள், சுடச்சுடத் தேத்தண்ணி கேட்டாள். தேத்தண்ணியில் இனிப்பு பத்தவில்லை என்று திருப்பி அனுப்பினாள். மருமகன் உதவிக்கு எழுந்தான். "நீ உக்காருடா, மாமன் செய்யட்டும்" என்று அவனை அமுக்கிவிட்டாள். கூரையில் மழை விழ ஆரம்பித்தது. அக்கா கால் இரண்டையும் நீட்டி இன்னொரு நாற்காலியில் வைத்துக்கொண்டாள். நான் எரிகிற அடுப்புக்கும் அவளுக்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் ஏவல் வாங்கியதில்லை.

மழை விட்டதும் புறப்பட்டாள். எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷமானாலும், கிளம்புவதற்கு முன் அக்கா எல்லாருடைய எச்சில் தட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவாள். தடுத்தால் கோபம் வரும். அன்று எழுந்து, சேலையை உதறிக்கொண்டு, தன் தட்டைப் பார்த்தாள். எலும்பு, சோளத் தண்டு, கடித்துப் போட்ட எலுமிச்சை எல்லாம் அதில் கிடந்தன. அவள் கை அதன் பக்கம் போகவில்லை. தட்டை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, "வரேண்டா" என்று சொல்லிச் சிவப்புப் படியில் ஏறிப் போய்விட்டாள்.

கார் கிளம்பும்வரை வாசலில் நின்றுவிட்டு, திரும்பி வந்து அந்தத் தட்டை எடுத்தேன். என் மனைவி கையை நீட்டினாள். கொடுக்கவில்லை, நானே கழுவினேன்.